ஷாஜிக்கு வைத்த பிஸ்கட் புட்டிங்

என் மருமகள் சுமாவுக்குச் சமையல் வராது. மாமியார் வாயால் சொல்வதாக நினைக்க வேண்டாம், அவளே சொல்லிக்கொள்வாள். ஒருமுறை அவள் வைத்த சாம்பாரை ரசம் என்று நினைத்து என் மகன் ஷாஜி டம்ளரில் ஊற்றிக் குடித்தான். குடித்துவிட்டு, "ரசம் கொள்ளாம்" என்று பாராட்டு வேறு. அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

குற்றம் அவளுடையது இல்லை. அவள் அம்மா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை விற்க வந்தவள். மூட்டைகளுக்கு நடுவே தூங்கி, ஹோட்டல் பொட்டலம் தின்று வளர்ந்த பிள்ளை சுமா. வீட்டில் அடுப்பு எரிந்தால்தானே பெண்பிள்ளை சமையல் பழகும்? மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்ததும் ஒரு ஃபிளாட்டில் வேலைக்கு நின்றாள். அந்த வீட்டம்மா பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு பண்டம் செய்வாளாம். பாத்திரம் கழுவிக்கொண்டே சுமா அதைக் கண்ணால் பழகிக்கொண்டாள். அதுதான் பிஸ்கட் புட்டிங். அவள் கைக்கு ஒழுங்காக வந்தது அது ஒன்றுதான்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாலில் கொக்கோப் பொடியையும் சோளமாவையும் கட்டி தட்டாமல் கரைத்து அடுப்பில் வைத்துக் கூழ் மாதிரிக் கிண்டுவாள். அதோடு அடுப்புக்கு வேலை முடிந்தது. பிறகு மாரி பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் காப்பியில் முக்கிக் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் பரப்புவாள். முக்குவதில்தான் சூட்சுமம். கொஞ்சம் அசந்தால் பிஸ்கட் கரைந்து காப்பிக்குள் விழுந்துவிடும். அவசரப்பட்டால் பல்லில் கடிபடும். பிஸ்கட்டுக்கு மேலே கூழ், கூழுக்கு மேலே பிஸ்கட், மறுபடி கூழ். பாத்திரம் நிறைந்ததும் ஃபிரிட்ஜில் வைத்தால் கத்தியால் வெட்டுகிற பதத்துக்கு இறுகிவிடும். எங்களுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டு ஷபானாவுடைய ஃபிரிட்ஜில்தான் வைப்பாள். எங்கள் சந்தில் ஓணமும் பெருநாளும் கிறிஸ்துமஸும் அந்தப் புட்டிங் இல்லாமல் கழிந்ததில்லை.

ஷாஜி கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்கிற வேலையில் இருந்தான். பாத்திரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்து அவளைச் சீண்டுவான்.

"எடீ, இது நம்ம ரோடு மாதிரியே இருக்கே. ஜல்லி, தாரு, ஜல்லி, தாரு."

"ரோடு மழைக்குப் பேந்துரும் ஏட்டா. என்ட புட்டிங் பேராது" என்பாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. எனக்குப் பேரன் பேத்தி எல்லாம் மகள் வசந்தி வழியில்தான். அந்தக் குறையை இருவரும் என் காதில் விழப் பேசியதில்லை. சுமா யூதர்கள் இருந்த ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளைச் சாமான்களைத் துடைக்கும் வேலைக்குப் போனாள். சாயங்காலம் கடைக்கு எதிரே ஷாஜி போய் நிற்பான். இருவரும் சாயா குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வருவார்கள். அப்படி ஒரு வாழ்க்கை. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருந்தார்கள்.

இந்த மழையில் ஓடைத் தண்ணீரில் நின்றவனுக்குக் காலில் ஒரு சின்னப் புண். பிறகு காய்ச்சல். "சாதா பனிக்காய்ச்சலாக்கும் அம்மா" என்று கட்டிலில் படுத்தான். கண் மஞ்சளித்த பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. காயலைத் தாண்டி எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்த வாரம் முடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பெற்றவள் இதற்குமேல் சொல்ல மாட்டேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொள்கிற பிள்ளை கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

சுமா அழவில்லை. சொன்னால் குளித்தாள், கொடுத்தால் குடித்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னென்ன படைப்பது என்று நானும் வசந்தியும் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அத்தை, நான் என் கையால ஒண்ணு வெக்கணும்."

எங்கள் வழக்கத்தில் இறந்தவனுக்குப் பிடித்ததெல்லாம் அன்றைக்கு இலையில் வைப்போம். அதைத் தின்றுவிட்டுத்தான் அவன் போக வேண்டிய இடத்துக்குப் போவான் என்று நம்பிக்கை. அப்புறம் அடுத்த வருஷம் திவசத்துக்குத்தான் இலை போடுவோம். வடையும் பாயசமும் மற்றதும் செய்ய நாங்கள் இருந்தோம். அவள் கையால் செய்ய அவளுக்குத் தெரிந்தது அந்தப் புட்டிங் மட்டும்தான்.

என் புருஷனின் தம்பி இசக்கிதுரை குடும்பத்து நல்லது கெட்டதை எல்லாம் முன்னின்று நடத்துகிறவர். கேட்டதும் மீசை துடித்தது.

"புட்டிங்கா? மதினி, படையல்ல யாராவது கேக்கு பிஸ்கட்டெல்லாம் வெப்பாங்களா?"

"அவனுக்குப் பிடிச்சது அதுதான்."

"அடுப்புல வெந்த பண்டந்தான் வெக்கணும். ஐஸ்பெட்டியில கெடந்ததையா வெப்பாங்க?"

"உங்க அப்பாவுக்குச் சுருட்டும் சாராயமும் வெச்சீங்களே தம்பி, அது எந்த அடுப்புல வெந்துச்சு?"

வசந்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அது வேற மதினி."

"எனக்கு ஒண்ணுதான். என் மகன் எலை. அவன் பொண்டாட்டி கை. புட்டிங் இல்லேன்னா என் வடையும் வராது, பாயசமும் வராது. வெறும் எலையை வெச்சுக் கும்பிட்டுக்கிடுங்க."

இசக்கிதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு சுமா பக்கம் திரும்பினார்.

"சரிம்மா, வை. ஆனா நேத்து செஞ்சது ஆகாது, அன்னைக்குக் காலையிலதான் செய்யணும். மீனும் எறச்சியும் இருக்குற பெட்டியில வெக்கப்படாது. படைச்சு முடியுற வரைக்கும் ஒருத்தர் நாக்குலயும் படக்கூடாது. எச்சில் பட்டுச்சுன்னா அது படையல் இல்ல, மிச்சம்."

"செரி மாமா" என்றாள் சுமா. அத்தனை நாளில் அன்றுதான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

காரியத்துக்கு முந்தின நாள் ஷபானா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"சுமா, என்ட ஃபிரிட்ஜ் குளிச்சு சுத்தமா நிக்குது. மீனெல்லாம் உம்மா வீட்டுக்கு அனுப்பியாச்சு. பருப்புக்கறியைக் கண்டதுலேருந்து என்ட வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கார். நீ அதைப் பாக்காத. கதவைத் திறந்து வெச்சிருக்கேன், எப்ப வேணாலும் வா."

"உங்களுக்குப் புண்ணியம் ஷபானாத்தா" என்றாள் சுமா.

மறுநாள் விடியுமுன் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அடுப்புக்கு வந்தாள். மூச்சுக்கூடப் படக்கூடாது என்று மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தாள். நான் அம்மியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். பால் கொதித்து, கூழ் திரண்டு வந்தது. அவள் கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாசற்படிப் பக்கம் திரும்பினாள். கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு கரண்டியைத் திரும்பச் சட்டியில் கவிழ்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அழுகை வருகிறது போலிருக்கிறது, நாம் பேச்சுக் கொடுத்தால் உடைந்துவிடுவாள் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

உச்சிப் பொழுதுக்குள் புட்டிங் இறுகியிருந்தது. ஷாஜியின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு எல்லாம் பரிமாறிய பிறகு, அவள் மூலைத் துண்டை வெட்டி இலையில் வைத்தாள். வரிவரியாக, சாயாமல் நின்றது.

"நிமுந்து நிக்குதே" என்றார் இசக்கிதுரை.

விளக்கேற்றிச் சூடம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினோம். போனவன் வந்து தின்னுகிற நேரம் அது. யாரும் உள்ளே நிற்கக் கூடாது. சுமா கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தின்னிருப்பாரா அத்தை?"

"அவன் என்னைக்குப் புட்டிங்கை விட்டுவெச்சான்?" என்றேன்.

கதவு திறந்ததும் இசக்கிதுரை விளக்கை அணைத்து மலையேற்றினார். அதோடு படையல் முடிந்தது. பந்தி போட்டோம். சுமாவே புட்டிங்கைத் துண்டு போட்டு ஒவ்வொரு இலையிலும் வைத்துக்கொண்டு வந்தாள். இசக்கிதுரை வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. என்னைப் பார்த்தார். நானும் ஒரு விள்ளல் எடுத்துப் போட்டேன்.

கசப்பு. கொக்கோவின் பச்சைக் கசப்பு, அதோடு காப்பியின் கசப்பு. சர்க்கரை போடவே இல்லை.

புட்டிங்குக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சுமாவுக்குத் தெரியாது. கூழ் திரண்டதும் கரண்டியில் எடுத்து ஊதி, படியில் உட்கார்ந்திருக்கும் ஷாஜியின் வாயில் வைப்பாள். அவன் "இடு" என்பான். போடுவாள். மறுபடி ஊட்டுவாள். "மதி" என்று அவன் சொல்கிற வரைக்கும் போடுவாள். எத்தனையோ வருஷமாக அந்தக் கணக்கு அவன் நாக்கில் இருந்தது. அன்று காலையில் படியில் ஆள் இல்லை. அவள் நாக்கையும் கட்டிப்போட்டிருந்தோம்.

"அம்மா, இதுல..." என்று வசந்தி ஆரம்பித்தாள். இலைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன்.

இசக்கிதுரை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "சுமா, நல்லா இருக்கும்மா. இன்னொரு துண்டு வை."

"சித்தப்பா, உங்களுக்குச் சுகர் இருக்கு" என்றாள் வசந்தி.

"இன்னைக்கு ஒண்ணும் செய்யாது" என்றார்.

பிறகு நானும் இன்னொரு துண்டு கேட்டேன். ஷபானாவும் தின்று பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எனக்குப் பெரிய துண்டா ரெண்டு வை. வீட்டுக்காரருக்கும் கொண்டு போறேன்" என்றாள். பாத்திரத்தைக் காலி செய்துவிட வேண்டும், சுமா வாயில் ஒரு துளி போய்விடக் கூடாது. எல்லோருக்கும் அதே நினைப்புத்தான். சுமா ஓடி ஓடி வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்குறாங்க அத்தை" என்றாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

கண்ணாடிப் பாத்திரம் காலியானது. ஆனால் படத்துக்கு முன்னால் படைத்த இலை இருந்தது. அது பெண்டாட்டி உண்ண வேண்டிய இலை. அவள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சுமா, அந்தத் துண்டை எனக்குக் குடு. பெத்தவ நான் கேக்குறேன்."

"வேண்டா அத்தை. இது ஏட்டன்ட எலை."

"எனக்கு ஆசையா இருக்குடீ."

"உங்களுக்கு நாளைக்குச் செஞ்சு தாரேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு விள்ளலைப் பிட்டு வாயில் போட்டாள்.

துப்பவில்லை. கடைசிவரை மென்று விழுங்கினாள். அடுத்த விள்ளலையும் தின்றாள். துண்டு முழுவதும் தீர்ந்த பிறகுதான் தலையைத் தூக்கினாள். நாங்கள் எல்லோரும் கை காய உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, இப்பவே வேற செஞ்சிருவேன். திரும்ப வெக்கலாமா?"

சாங்கியத்தில் எத்தனையோ பேரை மிரட்டிய மனுஷர் தன் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெளக்கு மலையேறிருச்சேம்மா."

"அப்ப?"

"அடுத்த வருஷம், திவசத்துக்கு."

"அதுவரைக்கும் ஏட்டன் வாயில இந்தக் கசப்புதான் இருக்குமா?"

அவர் தன் இலையை மூடி மடக்கினார். நான் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி அவள் மனதை ஆற்றியிருக்கலாம். எனக்கு எந்தப் பொய்யும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

சுமா எழுந்து கை கழுவினாள். அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, ஷாஜி உட்காருகிற படியில் உட்கார்ந்தாள். முன்வாசல் வழியாக வெளியே போக வேண்டுமானால், ஷாஜி ஆனாலும் நாங்கள் ஆனாலும், அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை. இசக்கிதுரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.