நிற்காத பச்சைப் புள்ளி

கிள்ளானில் என் மகனின் பட்டறைக்கு வந்த பழைய ஆசிலோஸ்கோப்பை, மின்னலையைத் திரையில் ஒளிப்புள்ளியாகக் காட்டும் கருவியை, போட்டதும், சூடேறிய தூசியின் வாசனையில் என் கை தானாகவே அதன் வெளிச்சத்தைக் குறைத்தது.

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்திருந்த காலத்தில், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அவர்களுடைய ராணுவ ரேடியோக்களைப் பழுதுபார்த்த அப்பா, அவர்கள் கொடுத்திருந்த அப்படியொரு கருவியின் குமிழை என் கையில் ஒப்படைத்து, "பச்சப் புள்ளிய நிக்க விடாதம்மா, நின்ன எடத்துல திரை வெந்துரும், திருகிக்கிட்டே இரு" என்பார்.

ஒருநாள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் நான் குமிழைத் திருக மறந்து வாசலையே பார்த்தேன், புள்ளி நின்றுவிட்டது. உள்ளே வந்த ஜப்பான் அதிகாரி, திரை நடுவில் விழுந்திருந்த பழுப்பு வடுவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமல், "நான்தாங்க" என்று தன் நெஞ்சைத் தொட்டார்.

அவரை ராணுவ லோரியில் ஏற்றும்போது நான் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். புள்ளி ஒரு கணமும் நிற்கவில்லை.