பதினேழாம் தேதிப் பக்கம்

மூணாவது மாடி, ஆண்கள் வார்டு. பன்னெண்டாம் நம்பர் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு இரும்பு அலமாரி. அதோட இழுப்பறையை லிஃப்ட்காரர் மெதுவா இழுக்கிறாரு. உள்ள ஒரு சீப்பு, பாதி தின்ன ரொட்டிப் பொட்டலம், மாத்திரை அட்டை, எல்லாத்துக்கும் அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தியானப் புத்தகம். அட்டையைப் பார்க்கிறாரு. போன வருஷம், ஆறாம் மாசம். கட்டைவிரலால புரட்டி பதினேழாம் தேதியில நிறுத்தி, தையல் ஓரமா ஒரே இழுப்பு. சத்தமே வராது. கிழிச்ச பக்கத்தை நாலா மடிச்சு காக்கிச் சட்டைப் பையில போட்டுட்டு, புத்தகத்தை இருந்த இடத்துலயே வெக்கிறாரு.

கட்டில்ல கிடக்கிற ஆள் ஒரு கண்ணைத் திறந்தான். "என்னய்யா தேடுற? ரொட்டின்னா எடுத்துக்க, எனக்கு இறங்கல."

இவர் தலையை ஆட்டிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துட்டாரு. சாப்பாட்டு நேரம் அரை மணிதான். அதுக்குள்ள ஒரு வரிசையாவது பார்த்து முடிக்கணும். கிழிக்கிற அந்தப் பக்கத்தை எழுதினதே இவர்தான்.

இந்த ஆஸ்பத்திரியில இருபத்தாறு வருஷமா லிஃப்ட் ஓட்டுறாரு. பழைய லிஃப்ட். கம்பிக் கதவைக் கையாலதான் இழுத்துச் சாத்தணும். பொத்தான் பலகைக்குக் கீழ ஒரு முக்காலி, அதுதான் இவர் ஆபீஸ். எந்த மாடின்னு சொன்னா அந்த மாடி. ஒரு தடவை கூட ஆளை மாடி மாத்தி இறக்கினதில்ல. பெரிய டாக்டர்லேர்ந்து கூட்டுற பொம்பள வரைக்கும் "ஆமென்"னுதான் கூப்பிடுவாங்க. "ஏய் ஆமென், நாலுக்கு விடு!" இவரும் விடுவாரு.

அந்தப் பேரு வந்ததுக்கு நான்தான் காரணம். அப்ப நான் இங்க தொழிலாளர் சங்கத்துல முழுநேர ஆள். ஒரு கூட்டத்துல இவர் பேச எழுந்தாரு. வாய் திக்கும். "தோ... தோ..."ன்னு தோழர்களைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பாதிப் பேர் டீ குடிக்கப் போயிட்டான். "நீ பேச வேணாம்யா, எழுது"ன்னு நோட்டீஸ் வேலையைத் தலையில கட்டினேன். ரெண்டு பக்கம் எழுதிக் கொண்டாந்தாரு, கத்தி மாதிரி. நான் அவசரத்துல கடைசி வரியைப் பார்க்காம அச்சுக்கு அனுப்பிட்டேன். எட்டு கோரிக்கை, அதுக்குக் கீழ கொட்டை எழுத்துல "ஆமென்". நிர்வாகத்து ஆளுங்க வாசல்ல நின்னு படிச்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சானுங்க. ஆனா ஆறு கோரிக்கை கிடைச்சுது. "மீதி ரெண்டுக்கு உபவாசம் இருந்திருக்கணும் தோழர்"ன்னாரு. தமாஷ் பண்ணும்போது மட்டும் அந்த ஆளுக்கு நாக்கு திக்காது.

அதுக்கப்புறம் பேனாவைக் கீழ வெக்கல. எனக்குச் சாமியும் கிடையாது பூதமும் கிடையாது, அது அவருக்குத் தெரியும். அவருக்கு எல்லாமே சாமிதான். "ஆண்டவர் என் நாக்குல முடிச்சைப் போட்டு, விரலை அவுத்து விட்டிருக்காரு"ன்னு சொல்லுவாரு. அவங்க சபையில மாசா மாசம் இலவசமா ஒரு தியானப் புத்தகம் போடுறாங்க, நாளுக்கு ஒரு பக்கம். பதினோரு வருஷமா மொத்தப் பக்கமும் இவர் கைதான். பேரு போட்டுக்க மாட்டாரு. சபைப் பொம்பளைங்க அதைக் கொண்டாந்து வார்டு வார்டா இழுப்பறையில வெச்சுட்டுப் போவாங்க. முக்காலியில உக்காந்து, ரெண்டு மாடிக்கு நடுவுல, வேணாம்னு போட்ட ஆஸ்பத்திரி பாரத் தாளோட பின்பக்கம் எழுதுவாரு. ஆள் ஏறினா பேனா காதுக்குப் போகும், இறங்கினா கைக்கு வரும். "லிஃப்ட் அஞ்சு மாடியோட நின்னுடும் தோழர். அதுக்கு மேல ஆளை ஏத்தத்தான் இது"ன்னு பேனாவைக் காட்டுவாரு. பொழுதுபோக்குக்கு எழுதற ஆள் இல்ல. இதுக்குத்தான் பொறந்தோம்னு நெனச்ச மனுஷன்.

எழுதினதை முதல்ல என்கிட்டதான் காட்டுவாரு. அவர் நம்பிக்கையில நான் கை வெக்க மாட்டேன், வாக்கியத்துல வெப்பேன். நோட்டீஸ் எழுதிப் பழகினவனுக்கு "கூடுமானா", "முடிஞ்சா" எல்லாம் ஆகவே ஆகாது. அந்தப் பதினேழாம் தேதிப் பக்கத்துல முதல்ல இருந்தது இவ்வளவுதான்: "பயந்து முடிவெடுக்காதே. கொஞ்சம் காத்திரு." நான் அந்தக் "கொஞ்சம்" மேல சிவப்பு மையால ஒரு வட்டம் போட்டு, ஓரத்துல "எத்தனை நாள்?"னு எழுதினேன். அவர் யோசிச்சு மாத்திக் கொண்டாந்தாரு. "மூணு நாள் காத்திரு. ஆண்டவர் பேசட்டும்." இப்பதான் உசுரு வந்திருக்குன்னு முதுகுல தட்டினேன்.

அதே பதினேழாம் தேதி காலையில, நாலாவது மாடி அறுவை வார்டுல, ஒரு அம்மாகிட்ட டாக்டர் சம்மதப் பாரத்தை நீட்டினாரு. புருஷனுக்கு சர்க்கரைப் புண், முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும், இன்னைக்கே கையெழுத்து வேணும்னு. அந்தம்மா இழுப்பறையைத் திறந்தது கண்ணாடி எடுக்க. கைக்கு வந்தது இவர் புத்தகம். அன்னைய பக்கத்தைப் படிச்சா. பாரத்தை மடிச்சு வெச்சுட்டா. டாக்டர் கத்தினாரு, சிஸ்டருங்க கெஞ்சினாங்க. அந்தம்மா அசையல. நாலாம் நாள் புருஷனைக் கீழ் தளத்துப் பிணவறைக்கு இறக்கினதும் இவர் லிஃப்ட்லதான். அப்ப இவருக்கு ஒண்ணும் தெரியாது. துணி மூடின ஆளுக்கு எப்பவும் பண்ற மாதிரி, கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டுத்தான் கதவைத் திறந்திருக்காரு.

ஒரு மாசம் கழிச்சு அந்தம்மா வந்தா. எழுதினவர் யாருன்னு பாஸ்டர்கிட்ட விசாரிச்சுட்டு நேரா லிஃப்டுக்கே வந்துட்டா. திட்ட வரல. நன்றி சொல்ல வந்தா.

"அண்ணே, நீங்க எழுதலன்னா நான் பயத்துல கையெழுத்துப் போட்டிருப்பேன். காலும் போயி, ஆளும் போயிருப்பாரு. முழு உடம்போட அனுப்பி வெச்சேன்ணே. அந்த நிம்மதி ஒண்ணுலதான் சோறு இறங்குது."

இவர் அன்னைக்கே நாலாவது மாடிக்குப் போயி சிஸ்டரைக் கேட்டாரு. முதல் நாளே எடுத்திருந்தா? ஃபைல் எழுதிக்கிட்டிருந்த சிஸ்டர் தலையைத் தூக்காம சொல்லிட்டா. "காலோட போயிருக்கும். வேற என்ன? ஆள் இந்நேரம் கட்டையை ஊனிக்கிட்டு வீட்டுல வம்பு பண்ணிக்கிட்டிருப்பாரு."

அன்னைக்கு நின்ன பேனாதான். பாஸ்டர்கிட்ட போயி ஒரு மணி நேரம் திக்கித் திக்கி எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. பாஸ்டர் நல்ல மனுஷன். தோள்ல கை வெச்சு, "எழுதினது நீங்க இல்லய்யா, ஆண்டவர். பாரத்தை அவர்மேல போட்டுட்டு அடுத்த மாசத்துக்குப் பக்கத்தைக் கொடுங்க"ன்னிருக்காரு. வெளிய வந்து என்கிட்ட கேட்டாரு: "அவர்மேலயா போடச் சொல்றாரு தோழர்? அப்படிப் போட்டுட்டு அப்புறம் யாரைக் கும்பிடறது?" அதுல ஒரு எழுத்து கூட திக்கல. ஆனா அது தமாஷ் இல்ல.

இப்ப புத்தகத்துல பழைய பக்கத்தையே மாத்தி மாத்திப் போட்டு ஓட்டுறாங்க. இவர் வீட்டம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "முன்னெல்லாம் எழுதிக்கிட்டே உக்காந்திருப்பாரு, சோறு ஆறுதுன்னு கத்துவேண்ணே. இப்ப போட்ட உடனே தின்னுடுறாரு. பாக்கவே பயமா இருக்கு." புது நோட்டு வாங்கி மேசையில வெச்சிருக்கா. பத்து மாசமா அது அப்படியே கிடக்கு.

ஜெபமாவது பண்றியான்னு கேட்டேன். எனக்கு எதுக்கு அந்தக் கேள்வி, ஆனா கேட்டேன்.

"பண்றேன். பதில் வேணாம்னு பண்றேன். வந்துட்டா எழுதணுமே."

இந்தப் பத்து மாசத்துல எழுதினது ஒண்ணே ஒண்ணு. அந்தம்மாவுக்கு அரைப்பக்கம் கடுதாசி. சிஸ்டர் சொன்னதை மறைக்காம எழுதி, கீழ முதல் தடவையா தன் பேரும் போட்டிருந்தாரு. படிச்சுட்டு நான்தான் தடுத்தேன். "உன் மனசு லேசாகறதுக்கு அவ மனசை ஏன்யா உடைக்கிற? நிம்மதின்னு ஒரே ஒரு துண்டு வெச்சிருக்கா. அதையும் பிடுங்கப் போறியா?" அந்த "எத்தனை நாள்?" என் கையெழுத்துன்னு அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டினதில்ல. அன்னைக்கும் சொல்லல. கடுதாசியை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டாரு. கிழிச்ச பக்கங்களோட அதுவும் அங்கயே கிடந்துச்சு. காக்கிச் சட்டை மாத்தும்போது மறு சட்டைப் பைக்கு மாத்திக்குவாரு.

போன செவ்வாக்கிழமை பிரஷர் மாத்திரைக்குப் போயிருந்தேன். நான் ஏறின லிஃப்ட் ரெண்டாவது மாடியில நின்னுச்சு. அந்தம்மா ஏறினா. இடது கால் பெருவிரல்ல கட்டு, செருப்போட முன்வாரை வெட்டி விட்டிருந்தா. கையில அதே மாதிரி ஒரு சம்மதப் பாரம்.

"கீழ விடுங்கண்ணே, வீட்டுக்குப் போறேன்"னு சுவத்துல சாஞ்சா. "எனக்கும் அவருக்கு வந்த சர்க்கரைதான். விரலை எடுக்கணுமாம், இன்னைக்கே நாலாவது மாடியில சேரணுமாம். கையெழுத்துப் போடுன்னு ஒரே கூச்சல். சின்னப் பையன் டாக்டரு, அவனுக்கு என்ன தெரியும்? நமக்குத்தான் தெரியுமே, மூணு நாள் பாத்துட்டு வரேன்னு வந்துட்டேன்." கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினா. "பாத்தீங்களா? கிழியாம இருக்கணும்னு பிளாஸ்டிக் போட்டு வெச்சிருக்கேன்."

பதினேழாம் தேதி.

இவர் அதைக் கையில வாங்கல. வாயைத் திறந்தாரு. "வே... வே..." கழுத்து நரம்பு புடைச்சுது, கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அதுக்கு மேல ஒரு எழுத்து வரல. அந்தம்மா பயந்து, "என்னண்ணே, நெஞ்சு வலிக்குதா?"ன்னு கிட்ட வந்தா. இவர் பைக்குள்ள கையை விட்டாரு. நாலு மடிப்புப் பக்கங்க ரெண்டு மூணு தரையில விழுந்துச்சு. கடுதாசியைத் தேடி எடுத்து, அந்தம்மா கையில இருந்த பாரத்துக்கு மேல வெச்சாரு. வெச்சுட்டு என்னைப் பார்த்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். தடுக்கறதுக்கு என்கிட்ட வாக்கியம் இல்ல.

"என்னதுண்ணே இது? புதுசா எழுதினதா?" அந்தம்மா முகத்துல ஒரு வெளிச்சம். கைப்பையில கண்ணாடியைத் துழாவ ஆரம்பிச்சா.

இவர் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாரு. நாலை அமுக்கினாரு. லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி மேல ஏறுச்சு.

"அண்ணே, கீழன்னு சொன்னேனே!"

இவர் முக்காலியைக் காலால ஒதுக்கிட்டு, பொத்தான் பலகை முழுக்க மறையற மாதிரி முதுகை அதுமேல அழுத்தி வெச்சுக்கிட்டு நின்னாரு.