மலை முனையிலிருந்து வந்த பதில்

"எனக்கு ஒண்ணும் வர்லீங்க மேடம்" என்ற குரல் இன்னும் காதில் நிற்கிறது. ஜவ்வாது மலைமேல் ஒரு சின்னத் துணைமின் நிலையத்தின் ஆபரேட்டர் அவர். நான் போளூர்ப் பக்கம், அடிவாரத்து நிலையத்தில், கோளாறு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேக்களைச் சோதிக்கும் பொறியாளர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எங்கள் தொலைபேசிப் பேச்சும் இரண்டு நிலையங்களையும் இணைக்கும் உயரழுத்தக் கம்பி வழியாகவே போகும். அவர் பேசாதபோதும் யாரோ மூச்சு விடுவதுபோல் ஒரு சீறல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த லைனில் ஒரு வம்பு உண்டு. கம்பி அறுந்து விழுந்தால் எங்கள் பக்கத்திலிருந்து மின்சாரம் வெள்ளமாய்ப் பாயும். ரிலே உடனே கண்டுகொண்டு துண்டிக்கும். அவருடைய மலை முனைக்கு மின்சாரம் தருவதோ ஒரு சிறு நீர்மின் நிலையம் மட்டும். அங்கிருந்து பாய்வது சொற்பம் என்பதால் அங்குள்ள ரிலேவுக்குக் கோளாறு நடந்ததே தெரியாது. ஆகவே நாங்கள் ஒரு சிக்னல் அனுப்புவோம். அது கிடைத்து, வோல்டேஜும் சரிந்திருந்தால், மலை ரிலே தன் பக்கத்தைத் துண்டித்துவிட்டு அதே சிக்னலை எங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சோதனையன்று பிற்பகல், லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் திரையில் பதில் சுத்தமாக வந்தது. அவர் மட்டும் தனக்கு எதுவும் வரவில்லை என்றார். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று, 'சரி' எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் காற்றில் மரம் சாய்ந்து, கம்பி அறுந்து ஒரு சாமைக் கொல்லையில் விழுந்தது. எங்கள் முனை துண்டித்தது. மலையிலிருந்து பதிலும் வந்தது. இரு பக்கமும் துண்டித்தாயிற்று என்று நாங்கள் டீ குடித்தோம். சற்று நேரத்தில் அவர் செல்போனில் அழைத்து, மலை ரிலே அசையவே இல்லை என்றார். சோதனை நாளிலிருந்தே சந்தேகப்பட்டு, வேலை நேரமெல்லாம் வோல்ட் மீட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முள் சரிந்ததும் தன் கையாலேயே லைனைத் துண்டித்திருக்கிறார்.

எங்கள் சிக்னல் பெட்டியைத் திறந்தேன். சோதனையன்று காலை எங்கள் கருவியை மட்டும் தனியே பார்ப்பதற்காக, சிக்னல் அனுப்பும் இடத்தையும் வாங்கும் இடத்தையும் சேர்த்து நான் போட்ட சின்ன வயர் அப்படியே இருந்தது. கழற்ற மறந்திருக்கிறேன். நான் அனுப்பிய சிக்னல் மலை ஏறவே இல்லை; அந்த வயர் வழியே என்னிடமே திரும்பியிருக்கிறது. இன்று எத்தனையோ புதுக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பதில் சுத்தமாக வந்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

மறுநாள் ஜீப் பிடித்து மேலே போனேன். அவர் வீட்டு வாசலில் நின்றபடியே, தவறு என்னுடையது என்றேன். அவர் மனைவிதான் பேசினார். கம்பி விழுந்தபோது அந்தக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். பயிருக்குள் அது முணுமுணுத்துக்கொண்டே கிடந்ததாம். பாதம் கூசியதாம். அடி எடுத்து வைக்கப் பயந்து நின்றபோது, திடீரென்று அது வாயை மூடிக்கொண்டதாம்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"இவுருக்கு ஒண்ணுமே வர்லியே. அப்போ அன்னிக்கு உங்களுக்குப் பதில் குடுத்தது யாருங்க?"

நான்தான் என்றேன்.