முன்னறையில் படுத்த மருத்துவர்

பிறர் சொல்வதை இடைமறிக்காது கேட்கும் பொறுமை பேரறம். நாவடக்கத்தினும் அரியது அது. நாவை அடக்கியவரும் மனத்துள் மறுமொழி தொடுத்தவண்ணமே இருப்பர். அப்பொறுமை இயல்பாகவே வாய்க்கப் பெற்றவர், எங்கள் பகுதியினர் ‘தூக்க டாக்டர்’ என்றழைக்கும் மருத்துவர்.

அவர் தந்தை லாரி ஓட்டுநர். வெயில் கொட்டிக் கிடந்த ஒரு நண்பகலில், வளைவே இல்லாத சாலையில், வண்டியை மரத்தில் மோதிக் காலை இழந்தார். “குடிச்சிட்டுதான் ஓட்டியிருப்பான்” என்றனர் பலரும். மதுவைத் தொட்டும் அறியாத அம்மனிதர், “கண்ணு சொக்கிடுச்சுப்பா” என்று மகனிடம் மட்டும் சொன்னார். மகன் நுரையீரல் மருத்துவம் பயின்று, பின் உறக்க மருத்துவத்துக்குத் திரும்பியது அந்த ஒரு சொல்லால். தொண்டை அடைபட்டு உறக்கம் சிதறுவோர்க்குப் பகலில் கண் செருகும் என்று அவர் கற்றறிந்தபோது தந்தை உயிரோடு இல்லை.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் அவர் அறை. அங்கே ஒரு விதி உண்டு: நோயாளி தனியே வரலாகாது, அருகில் படுப்பவரும் உடன்வர வேண்டும்.

“தூங்குறவருக்குத் தன் தூக்கம் தெரியாதுங்க. பக்கத்துல படுக்கிறவங்கதான் சாட்சி” என்பார்.

“சாட்சியா? முப்பது வருஷமா தண்டனையே அனுபவிக்கிறேன், டாக்டர்!” என்றார் குழாய் பழுதுபார்ப்பவர் ஒருவரின் மனைவி. “இவர் குறட்டை விட்டா எதிர்வீட்டு நாய் பதில் குரைக்குது.”

“நான் எங்கடி குறட்டை விடறேன்? என் காதுல ஒரு நாளும் விழலையே!” என்றார் கணவர்.

வெளியே காத்திருந்தவர்களும் சிரித்துவிட்டனர். மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. “சத்தம் நடுவுல நிக்குமாம்மா?”

“நிக்கும். அப்பதான் பயமா இருக்கும்.”

அந்த விடைக்காகவே அவர் காத்திருந்தார்; சத்தம் நிற்கும்போது மூச்சும் நிற்கிறது.

மருத்துவம் போக அவருக்கிருந்த ஒரே பற்று, பறவைக் குரல்களை ஒலிப்பதிவு செய்வது. அதற்கு விடியுமுன் கிளம்ப வேண்டும். அலாரச் சத்தம் மனைவியின் உறக்கத்தைக் கெடுக்கலாகாது என்று, பன்னிரண்டு ஆண்டுகளாக முன்னறையிலேயே படுத்து வந்தார். அன்பினால் செய்த ஏற்பாடு, அதுவே வினையாயிற்று.

மனைவி கணக்காசிரியை. மெலிந்த உடல். வீட்டிலும் அவரை ‘டீச்சர்’ என்றே மருத்துவர் கேலியாக அழைப்பார். ஈராண்டாக அந்த அம்மையாருக்குக் காலையில் தலைவலி. விடைத்தாள் திருத்துகையிலும் வகுப்பிலும் கண் செருகல். ஒருநாள் கணக்கைப் பாதியில் விட்டுக் கரும்பலகை முன் திகைத்து நின்றார்.

“இன்னொரு தடவை வகுப்புல தூங்கினா என் பாடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம். தலைமை ஆசிரியை முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க” என்று கணவரிடம் சொன்னார். இருபத்தாறு ஆண்டு நின்ற இடம் அது.

“ரத்தம் குறைஞ்சிருக்கும், டீச்சர். மாத்திரை எழுதித் தரேன். ரெண்டு நாள் லீவு போடு.”

பருமனும் இல்லை, குறட்டையும் கேட்டதில்லை, ஐயம் எழவில்லை. ‘பக்கத்துல படுக்கிறது யாரு?’ என்று எல்லோரிடமும் முதலில் கேட்கும் கேள்வியை இங்கே கேட்டிருந்தால், அருகில் யாரும் படுப்பதில்லை என்று அவரே விடை சொல்லியிருக்க வேண்டும்.

மனைவியின் தங்கை சில நாள் தங்க வந்து, அக்காளுடன் படுத்தாள். மூன்றாம் நாள் காலை, ஒலிப்பதிவுக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் வந்தாள்.

“அத்தான், தப்பா நினைக்காதீங்க. அக்கா தூக்கத்துல மூச்சு விடாம கிடக்கிறா. நான் எண்ணினேன், முப்பது வரைக்கும் போச்சு. அப்புறம் தண்ணிக்குள்ளேருந்து எழுந்தவ மாதிரி திணறுறா. உங்களுக்குத் தெரியாதா?”

துடைத்த துணி கையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு மனைவியின் உறக்கச் சோதனையைக் குறித்தார். புதன்கிழமை, மூன்றாம் பாடவேளையில், டீச்சர் கையிலிருந்து சுண்ணக்கட்டி நழுவிற்று, அவரும் சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருந்தது; உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவோர்க்கு அப்படி நேர்வதுண்டு.

உயிர் பிழைத்தார். வலக்கை திரும்பவில்லை, எண்களின் வரிசை கலைந்தது. பள்ளி நல்ல சொற்களால் ஒரு கடிதம் எழுதி விடைகொடுத்தது.

மருத்துவர் தம் கட்டிலை உள்ளறைக்கு மாற்றினார். மூச்சுக் கருவியின் முகமூடியைத் தம் கையாலேயே மனைவிக்கு மாட்டினார். ஒரு பிற்பகலில், “உன்னை மட்டும் கேக்காம விட்டுட்டேன், டீச்சர்” என்றார்.

டீச்சர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். “மூச்சு முட்டி… முழிச்சிருக்கேன். ரெண்டு தடவை… உங்க கதவைத் தட்டினேன்.”

“தட்டினியா?”

“நல்லாத் தூங்கினீங்க. பாவம்னு… போய்ட்டேன்.”

அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் மருத்துவரால் தாங்கியிருக்க முடியும். இடக்கையால் எண்கள் எழுதப் பழகும் மனைவியின் அருகே இப்போது நாள்தோறும் பிற்பகலில் அமர்கிறார். ஏழுக்குப் பின் எட்டு வர இன்னும் நேரமாகிறது.

உறங்குவோரைக் காக்கும் உறங்காப் பெருமான் அவ்வில்லத்தைக் காத்தருள்க. அவ்வம்மையாரின் மூச்சு தடையின்றி ஓடுக. அவர் கணவருக்குக் கண்ணயரும் மனம் மீண்டும் வாய்க்க. அவ்வீட்டில் விடியல்தோறும் இருவரும் விழித்தெழுக.