பன்னிரண்டு தறியும் நின்றபோது

முப்பத்துநான்கு ஆண்டுகள் நான் பார்த்த வேலை ஒன்றுதான். காது கேளாமல் வளரும் எலிக்குட்டிகளின் மூளையில் ஒலிக்கென்று இருக்கும் இடம் என்ன ஆகிறது என்று ஆராய்வது. அந்த இடம் சும்மா கிடப்பதில்லை. கண் வந்து குடியேறிவிடுகிறது. அதன்பிறகு ஒலியைக் கொடுத்தால் அதற்கு உட்கார இடமிருக்காது. இதைப் பற்றி இருபத்தேழு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்று அருப்புக்கோட்டையில் தம்பி வீட்டுக்கு எதிரே குடிவந்தேன். அவன் பேத்திக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. ஐந்து மாதங்கள் தினமும் பார்த்தேன். அவளுக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரியவில்லை. எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி வீடும் விசைத்தறிக் கொட்டகையும் ஒரே கூரை. தறிகள் பன்னிரண்டு. அவை ஓடும்போது யாரும் குரல் கொடுப்பதில்லை, கொடுத்துப் பயனில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், மீதியைக் கை சொல்லும். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரிபோல் காட்டுவார்கள். தேநீருக்குக் கட்டைவிரல் வாய்க்குப் போகும். கூப்பிட வேண்டுமானால் தோளில் தட்டுவார்கள். நாற்பத்தொரு சைகைகள் எண்ணினேன். குழந்தைக்கு அத்தனையும் தெரியும். எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறாள் பார் என்று நான் பெருமை வேறு பேசினேன். மடையன்.

முதலில் கண்டுபிடித்தவர் திருச்சுழியில் மானாவாரி விவசாயம் பார்க்கும் குழந்தையின் தாய்மாமன். அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, "மாமா, முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டா இவ திரும்ப மாட்டேங்குறா. மூணு தடவ பாத்துட்டேன்" என்றார்.

"ஒங்க ஊரு கருவேலங்காட்டுல திரும்பிப் பாக்க என்ன மாப்ள இருக்கு?" என்றான் தம்பி. நானும் சிரித்தேன். படித்தவனே சிரிக்கிறான் என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்குக் கரண்டு போனது. பன்னிரண்டு தறியும் ஒரே நொடியில் நின்றன. திடீரென்று வந்த அமைதியில் கொட்டகையில் இருந்த ஏழு பேரும் தலையைத் தூக்கினோம். எட்டாவது தலை, குழந்தையின் தலை, நிமிரவே இல்லை. சுவரைப் பார்த்தபடி காலி நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துப்போய் அவள் முதுகுக்குப் பின்னால் கரண்டியால் அடித்தேன். மூன்று முறை. அவள் நான்காவது கண்டை எடுத்து மூன்றாவதன் மேல் வைத்தாள்.

"விடுண்ணே. நம்ம அப்பாவே நாலு வயசுலதான் வாயத் தொறந்தாராம். கொஞ்ச நாள் பாப்பம்" என்றான் தம்பி.

"எத்தன நாளுலே? எண்ணிச் சொல்லு!" என்று கத்தினேன். உள்ளே கண் குடியேறிக்கொண்டிருக்கிறது, இவனுக்குக் கொஞ்ச நாள் வேண்டுமாம்.

அப்போதுதான் அவன் மருமகள், குழந்தையின் அம்மா, கேட்டாள். "பெரிய மாமா, நீங்க இதத்தான படிச்சீக? அஞ்சு மாசமா இங்கனதான இருந்தீக?"

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனோம்.

அறுவைசிகிச்சை முடிந்தது. காதுக்குப் பின்னால் தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு ஒலியை உள்ளே அனுப்பும் ஒரு கருவி. தாமதம்தான், ஆனால் கதவு இன்னும் மூடவில்லை, விழித்திருக்கும் நேரமெல்லாம் குரல் கொடுத்துப் பேசுங்கள் என்றார் மருத்துவர். கேட்பார்களா? பழக்கம் விடவில்லை. கொட்டகைக்கு வெளியே வந்தும் அவளிடம் உதட்டைத்தான் அசைக்கிறார்கள். ஒரு காலையில் தம்பி அவளிடம் இருபத்துமூன்று முறை பேசினான். குரல் வந்தது ஒன்பது முறை.

"கொரலு! கொரலு குடுத்துப் பேசித் தொலைங்கலே!" என்று வாசலில் நின்று கத்தினேன்.

குழந்தை என்னைப் பார்த்தாள். கையைத் தலைக்குக் கொண்டுபோய், கருவியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாயை மூடியதும் எடுத்து ஒட்டிக்கொண்டாள்.

"ஒங்க சத்தம் அவளுக்குப் புடிக்கல, பெரிய மாமா" என்று சிரித்தாள் மருமகள். அவள் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

நேற்று ஆறு முறை கத்தினேன். ஆறு முறையும் கழற்றினாள். கழற்றி வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு நஷ்டம். ஆகவே இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இப்போது குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.