பலகையில் துடைத்த வரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் பனிக்காலத்தில், சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கி வந்த அவளுக்குப் பனிச்சறுக்குக் காலணியை மாட்டிவிட்டவர் அவர். ரயில் எட்டாத காட்டோரச் சிற்றூர் அது. பனியில் சறுக்கு, வெயிலில் மலையேற்றம், மழையில் ஆற்றுப் படகு என்று ஆண்டு முழுவதும் வெளியூரார் வந்துகொண்டேயிருப்பார்கள். வழிகாட்டியான அவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் மலையாடு. "இந்த ஆட்டுக்கு ஒரு கயிறு கெடச்சிருச்சு" என்று படகுக்காரர் அவளைக் காட்டிக் கிண்டலடித்தார். அடுத்த கோடையில் கல்யாணம் முடிந்தது.

காலணி வாடகைக் கடை அவள் பொறுப்பாயிற்று. கடைச் சுவரில் ஒரு கரும்பலகை. காட்டுக்குள் போகும் ஒவ்வொரு குழுவுக்கும் அதில் ஒரு வரி. வழிகாட்டியே நேரில் வந்து, எல்லாரும் திரும்பிவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் அதைத் துடைக்க வேண்டும். பொழுது சாய்ந்தும் வரி இருந்தால் மீட்புக் குழு புறப்பட்டுவிடும்.

பத்தொன்பது ஆண்டுகள் அவள் பிசகியதில்லை. அந்த மாலை, அவர் மலைக்கு அழைத்துப்போன எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே வந்து எட்டு ஜோடிக் காலணிகளைக் கழற்றி வைத்தார்கள். எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஈரத்துணியால் வரியைத் துடைத்துவிட்டாள். வழிகாட்டி அணிவது கடைக் காலணி அன்று, சொந்தக் காலணி என்பது அவள் புத்தியில் உறைக்கவில்லை. குழுவில் ஒருத்தி தவறவிட்ட கேமராவை எடுக்க அவர் தனியே மேலே திரும்பிப் போயிருந்தார். அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சாப்பாட்டு வேளை தாண்டியதும் படகுக்காரரைப் போய்க் கேட்டாள். அவர் வந்து பலகையைப் பார்த்தார்.

"அதான் வரியத் தொடச்சிருக்கே, அண்ணி. எங்கயாவது உக்காந்து கதை அளந்துக்கிட்டிருப்பாரு."

கணவரை நேரில் பார்க்காமலே துடைத்ததைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கதைதான் அளக்கிறார் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். அவள் வாய் திறந்தபோது விடிந்திருந்தது.

பனிச் சரிவில் கால் முறிந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். இரவெல்லாம் பனியில் உறைந்ததில் வலக்கால் விரல்கள் ஐந்தும் போயின.

அதன்பின் பத்தாண்டுகள் அவர் கடையிலேயே உட்கார்ந்து, மலைக்குப் போகிறவர்களுக்குக் காலணி மாட்டிவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் தன் தவறுதான் என்றார். ஆனால் அவள் பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தார். அவள் அணைத்த அடுப்பை எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு தடவ வாய்விட்டுத் திட்டிடுங்களேன்."

"திட்டினா வெரல் மொளைக்குமா?" என்றவர், அடுத்த வாடிக்கையாளரின் கால் அளவைக் கேட்கப் போய்விட்டார்.

சென்ற பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாம் நாள் காலையில், அவள் மருந்தை அளந்து கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் கரண்டியைப் பார்த்தார். பிறகு, கட்டிலின் மறுபுறம் நின்ற நர்ஸின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீங்களே அளந்து குடுங்கம்மா."