அண்ணனின் கடைக்கு நான் பார்த்த சாத்தியம்

எங்கள் அண்ணன் அந்தியூருக்குப் பக்கத்தில், ஒரு பேருந்து நடத்துநரின் மூத்த மகனாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. கோவையில் பிசியோதெரபி படித்து மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில் என்னை இன்ஜினீயரிங் படிக்க வைத்து, அமெரிக்காவுக்கும் அனுப்பினார். இதெல்லாம் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் அவருடைய நற்குணங்களை மட்டும் அடுக்கினால், நான் இரண்டாம் முறையும் அவரை ஏமாற்றியவன் ஆவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. இருவரும் சான் ஹோசேயில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் குடியேறினார்கள். அண்ணனுடைய படிப்பை இங்கே அப்படியே ஏற்கவில்லை. உரிமத்துக்கான தேர்வை இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. ஆனால் அவருடைய கைராசியை எந்தத் தேர்வும் தடுக்கவில்லை. நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடக்கும் நம் பிள்ளைகள் கழுத்துவலி, தோள்வலி என்று தேடி வர ஆரம்பித்தார்கள். சனிக்கிழமைகளில் அண்ணனின் அபார்ட்மென்ட் வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடக்கும். உள்ளே ஒருவர் குப்புறப் படுத்திருப்பார், மற்றவர்கள் அண்ணி கொடுத்த காபியோடு காத்திருப்பார்கள். யாரிடமும் அண்ணன் ஒரு டாலர் வாங்கியதில்லை.

“வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எப்படிடா காசு வாங்கறது? கடைன்னு ஒண்ணு இருந்தா அது வேற” என்றார் ஒருநாள். அவர் அதற்குள் மசாஜ் வகுப்பில் சேர்ந்து சான்றிதழும் வாங்கியிருந்தார். ஒரு லாண்டரிக்கும் டோனட் கடைக்கும் நடுவே காலியாக இருந்த இடத்தையும் பார்த்து வைத்திருந்தார். “எனக்கு இந்த பிசினஸ் விஷயமெல்லாம் தெரியாது தம்பி. நீ எம்பிஏ படிச்சவன். ஓடுமா ஓடாதான்னு பாத்துச் சொல்லு. நீ ஓடாதுன்னா நான் அதைத் தொடவே மாட்டேன்” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். மசாஜ் கடை என்றதும் எனக்கு வாடகையோ வருமானமோ நினைவுக்கு வரவில்லை. என் மானம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரில் கழுத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைகளும் நடந்துகொண்டிருந்த காலம் அது. அனுமதி வாங்கவே போலீஸில் கைரேகை கொடுக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் நான் அப்போது செயற்குழு உறுப்பினர். “இவரோட அண்ணன் என்ன பண்றார்?” என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரில் அவர் நோயாளிகளின் காலைப் பிடித்துவிட்ட சம்பளத்தில்தான் நான் படித்தேன் என்பது அப்போது எங்கே போயிற்றோ.

ஆனாலும் முறைப்படி ஆராய்வதுபோல் எல்லாம் செய்தேன். பக்கத்து ஊரில் இருந்த ஒரு மசாஜ் கடைக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு, உள்ளே போகிறவர்களை எண்ணினேன். செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். சனிக்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். அண்ணனுக்காகத் தயாரித்த அறிக்கையில் செவ்வாயை மட்டும் எழுதினேன்.

அடுத்து நம் ஆட்களின் கருத்தைக் கேட்டேன். எங்கே கேட்டேன் தெரியுமா? ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஞாயிற்றுக்கிழமை பாட்லக் விருந்தில், எல்லாரும் தட்டோடு நிற்கும்போது, மனைவிமார்களும் பிள்ளைகளும் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது. “எங்க அண்ணா மசாஜ் கடை வெச்சா வருவீங்களா?” என்று உரக்கக் கேட்டேன். ஒரு நண்பர், “ஐயோ, அப்புறம் என் ஒய்ஃப் என்னைக் கராஜ்லதான் படுக்க வைப்பா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முந்தின நாள்தான் அந்த நண்பர் அண்ணன் வீட்டு ஹாலில் குப்புறப் படுத்து, “அங்கதாண்ணா, அங்கதான்” என்று முனகிக்கொண்டிருந்தார். நம்மவர்கள் நாலு பேர் முன்னால் இல்லை என்பார்கள், தனியாக வந்து கதவைத் தட்டுவார்கள். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கேட்டேன். அறிக்கையில் நம்மவர்கள் வருகைக்கு எதிரே பூஜ்யம் போட்டேன்.

அண்ணன் அந்தத் தாளை இரண்டு முறை பார்த்தார்.

“வாராவாரம் இத்தனை பேர் வர்றாங்களேடா. அதுல பாதிப் பேர் வரமாட்டாங்களா?”

“ஃப்ரீயா இருக்கறதால வர்றாங்கண்ணா. கடைன்னு வெச்சா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.”

“சரி. நீ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அவ்வளவுதான். மறுநாள் இடத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதன்பின் எலெக்ட்ரானிக் சாமான் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். ஒரே வருடத்தில் அதே இடத்தில் வேறொருவர் மசாஜ் கடை போட்டார். இன்றும் நன்றாக நடக்கிறது. ஒருமுறை நாங்கள் அந்த வழியாகப் போனபோது அண்ணன், “கூட்டமா இருக்கு போலிருக்கே” என்றார். “அது வேற மாதிரி கடைண்ணா” என்றேன், முகம் தெரியாத ஒருவரின் பிழைப்பையும் சேர்த்து அசிங்கப்படுத்தி. கிடங்கில் நாளெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு வந்தும் சனிக்கிழமைகளில் தன்னைத் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பாத மனம் அவருக்கு.

சென்ற ஆண்டு வேலையிடத்திலேயே நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். தன் கையில் ஊசி போட்டுவிட்டுப் போன நர்ஸைக் காட்டி, “அந்தப் பொண்ணுக்கு வலது தோள் ஏறியிருக்கு பாத்தியா? பாவம், ரொம்ப வலிக்கும்” என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பெட்டி தூக்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். என் மனம் அதை ஏற்கவில்லை.

அந்த நான்கு நாளும் துணை நின்ற நண்பர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், ஊரில் காரியங்களைக் கவனித்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நன்றிக்குரியவர்களின் பெயர்களை அண்ணிதான் எழுதிக் கொடுத்தார். அதில் முதல் பெயர் என்னுடையது. “கடை விஷயத்தையும் எழுதுங்க தம்பி. தம்பி மட்டும் தடுக்கலைன்னா அன்னைக்கே நடுத்தெருவுக்கு வந்திருப்போம்னு அவர் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாரு” என்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணி, மலரின் நன்றிப் பட்டியலில் என் பெயர் விடுபட்டுப் போனதாக நினைத்து நீங்கள் அச்சகத்துக்குப் போன் செய்ய வேண்டாம். அதை நான்தான் அடித்து நீக்கினேன்.